ரேடியோ குரல் காதைக் குத்துதா? டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் குட்டி ‘ஜம்பர்’ காரணமாக இருக்கலாம்!

எஃப்.எம். ரேடியோவில் பேசுபவர் ‘ச’, ‘ஸ’ என்று உச்சரிக்கும்போதெல்லாம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று காதைக் குத்துகிறதா? ‘மைக் சரியில்லப்பா’ என்றுதான் முதலில் தோன்றும். மைக்கை மாற்றியும் சத்தம் போகவில்லை என்றால், நிலையத்தின் டிரான்ஸ்மிட்டருக்குள் இருக்கும் ஜம்பரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஜம்பர் என்றால் என்ன?

சர்க்யூட் போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பின்களை இணைக்கும் சின்ன பிளாஸ்டிக் தொப்பி. அதன் உள்ளே உலோகத் தகடு இருக்கும். எந்தப் பின்களில் மாட்டுகிறோமோ, அந்தப் பாதையில் மின்சாரம் ஓடும். போனில் செட்டிங்ஸ் மாற்றுவது மாதிரிதான். ஆனால் இங்கே பெட்டியைத் திறந்து, கையால் கழற்றி மாட்ட வேண்டும். புதிய கருவிகள் பலவற்றில் இதே வேலையை மெனுவிலேயே செய்துவிடலாம்.

50-ஆ, 75-ஆ?

எஃப்.எம். ஒலியில் இரைச்சல் அதிகம் சேருவது கீச்சென்ற உயர் அதிர்வெண்களில்தான். அதனால் டிரான்ஸ்மிட்டர் அந்தப் பகுதியை முன்கூட்டியே தூக்கி அனுப்புகிறது. ரேடியோ அதே அளவுக்குக் குறைக்கிறது. கூடவே இரைச்சலும் குறைந்துவிடும். இப்படித் தூக்கி அனுப்புவதற்குப் பெயர் ‘ப்ரீ-எம்ஃபசிஸ்’.

எவ்வளவு தூக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 50 மைக்ரோ செகண்ட், அமெரிக்காவிலும் தென்கொரியாவிலும் 75. பல நாடுகளில் விற்கப்படும் டிரான்ஸ்மிட்டர்களில் இதைத் தேர்வு செய்ய ஜம்பர் இருக்கும். இந்தியாவில் அது 75-ல் இருந்துவிட்டால், 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலி சுமார் 3 டெசிபல் கூடுதலாகப் போகும். நம்ம ஊர் ரேடியோ 50-க்கு ஏற்றபடிதான் குறைக்கும். மிச்சம்தான் காதைக் குத்துவது.

இன்னொரு பொறியும் உண்டு. ஸ்டுடியோவில் உள்ள ஆடியோ ப்ராசஸர் ஏற்கெனவே ப்ரீ-எம்ஃபசிஸ் செய்திருந்தால், டிரான்ஸ்மிட்டரில் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு முறை தூக்கியதாகிவிடும்.

சின்ன நிலையங்களுக்கு ஏன் முக்கியம்?

உயர் ஒலி எகிறினால் அலை, அனுமதித்த பிளஸ் மைனஸ் 75 கிலோஹெர்ட்ஸ் விலகலைத் தாண்டி, பக்கத்து அலைவரிசைக்குத் தொல்லை தரும். அதற்குப் பயந்து மொத்த ஒலியையும் குறைத்தால், தொலைவில் கேட்பவருக்குக் குரல் இரைச்சலில் அமுங்கிவிடும். 2004 பிப்ரவரி 1-ல் தொடங்கிய சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். போன்ற சமுதாய வானொலிகளுக்கு, ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் சக்திக்குப் பொதுவாக 100 வாட் என்ற வரம்பு இருக்கிறது. பவரைக் கூட்டிச் சமாளிக்க முடியாது. இருக்கும் ஒலி சுத்தமாகப் போய்ச் சேர வேண்டும்.

கை வைக்கும் முன்...

* இது பயிற்சி பெற்ற டெக்னீஷியன் செய்ய வேண்டிய வேலை. ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் கழற்ற வேண்டும். பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்களில் அதன் பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும்.

* ஜம்பர் இப்போது இருக்கும் நிலையை முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பின் எதற்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும். அந்தக் கருவியின் மேனுவலைப் பார்க்காமல் மாற்றாதீர்கள்.

* ஆன்டெனாவோ, டம்மி லோடோ இணைக்காமல் ஆன் செய்யவே கூடாது. அவுட்புட் டிரான்சிஸ்டர் கருகிவிடலாம்.

* சில பழைய கருவிகளில் அலைவரிசையையும் ஜம்பரால்தான் மாற்றுவார்கள். லைசென்ஸில் இருப்பதைத் தவிர வேறு அலைவரிசைக்கு அதை நகர்த்துவது சட்டப்படி குற்றம்.