கோணல் கோடுதான் இங்கே அழகு!

ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் 1:72 பிளாஸ்டிக் மாடலில், இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 15.6 செ.மீ.தான். பாகங்களை ஒட்டுவது சுலபம். பெயின்ட் அடிப்பதில்தான் வேலையே!

1944 ஜூன் 6, நார்மண்டி தாக்குதலில் பறந்த விமானம் என்றால், இறக்கையிலும் உடலிலும் வெள்ளை, கறுப்புப் பட்டைகள் வேண்டும். நிஜத்தில் ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம். மாடலில் கால் அங்குலம். முந்தைய ஆண்டு சிசிலியில் நேச நாட்டு பீரங்கிகளே தங்கள் விமானங்களைச் சுட்டு வீழ்த்தியிருந்தன. அந்த விபரீதம் மறுபடி நடக்காமலிருக்கத்தான் இந்த அடையாளம். ரகசியம் கசியாமலிருக்க, கடைசி நேரத்தில்தான் உத்தரவு வந்தது. தரைப் பணியாளர்கள் பிரஷ்ஷும் கையுமாக அவசர அவசரமாகப் பூசினார்கள்.

டேப் ஒட்டி நேர்க்கோடாக அடித்தால் மாடல் பளிச்சென்று இருக்கும். அந்த அவசரம் அதில் இருக்காது. விளிம்பை லேசாகப் பிசிறவிடுங்கள். ரொம்ப வேண்டாம்... நிஜ விமானத்தில் 2 அங்குலம் பிசகியிருந்தால், மாடலில் அது 1 மி.மீ.கூட இல்லை!