இலவசக் கருவியும் காப்புரிமையும்

வண்டன்மேட்டை அடுத்த புற்றடியில், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் ஏலக்காய்க்கு வணிகர்கள் குரல் எழுப்பி விலை கேட்பதில்லை. கணினியின் முன் அமர்ந்து விலையைப் பதிகின்றனர். மலையக வணிகத்தில் தராசைப் போலவே மென்பொருளும் இன்று இன்றியமையாததாகிவிட்டது. கொள்முதல், இருப்பு, கூலிக் கணக்குகளுக்கான மென்பொருளை உருவாக்கி விற்க விழையும் இளைஞர்கள், செலவு கருதித் திறந்தமூலக் கருவிகளையே நாடுகின்றனர். அது நல்ல முடிவே. எனினும், விலையின்றிக் கிடைப்பது வில்லங்கமின்றியும் கிடைக்கும் என நாம் கருதிவிடலாகாது.

எழுதப்பட்ட நிரலைக் காப்பது பதிப்புரிமை. அது செயல்படும் முறையைக் காப்பது காப்புரிமை. நிரலை எழுதியவர் அனுமதித்தாலும், அம்முறைக்குக் காப்புரிமை பெற்ற வேறொருவர் உரிமை கோர இயலும்.

நம் நாட்டின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 3(கே) பிரிவின்படி, கணினி நிரலை அதன் அளவில் கண்டுபிடிப்பாக ஏற்பதில்லை. 2004 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் இதனைத் தளர்த்த முயன்றது. 2005இல் நாடாளுமன்றம் அத்தளர்வை ஏற்கவில்லை. ஆயினும், தொழில்நுட்பப் பயன் விளைவிக்கும் கண்டுபிடிப்பின் பகுதியாக மென்பொருள் அமையும்போது இங்கும் காப்புரிமை வழங்கப்படுவதுண்டு. மேலும், காப்புரிமை நாட்டுக்கு நாடு வேறுபடும். உள்ளூர்க் கடைக்கு விற்கும் மென்பொருளை அமெரிக்காவிலும் விற்க முனைந்தால், அந்நாட்டுச் சட்டமே பொருந்தும்.

ஃபேஸ்புக் நிறுவனம் உருவாக்கிய ‘ரியாக்ட்’ கருவி இதற்குத் தக்க சான்று. அந்நிறுவனத்தின் மீது காப்புரிமை வழக்குத் தொடுப்போர், அது வழங்கிய காப்புரிமை அனுமதியை இழப்பர் என்பது ரியாக்டின் உரிமத்திலிருந்த நிபந்தனை. 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை அவ்வுரிமத்தைத் தன் திட்டங்களில் தடை செய்தது. எதிர்ப்பு வலுக்கவே, செப்டம்பரில் ரியாக்ட் எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாற்றப்பட்டது.

எனவே கருவியைத் தேர்ந்தெடுக்குமுன் மூன்றினை நோக்குதல் நலம். முதலாவது, உரிமத்தின் வாசகம். அப்பாச்சி 2.0, ஜி.பி.எல். 3 ஆகியவை பங்களித்தோரின் காப்புரிமை அனுமதியை வெளிப்படையாகத் தருகின்றன, எம்.ஐ.டி. உரிமம் காப்புரிமை பற்றி எதுவும் கூறுவதில்லை. மூன்றாமவர் தொடுக்கும் வழக்கிலிருந்து எவ்வுரிமமும் காப்பதில்லை. இரண்டாவது, விற்பனை செய்யவிருக்கும் நாடு. மூன்றாவது, சிக்கல் எழுந்தால் அக்கருவியை அகற்றி வேறொன்றைப் பொருத்த ஆகும் செலவு.

கடனுக்கான திட்ட அறிக்கையில், பயன்படுத்தும் கருவிகளையும் அவற்றின் உரிமங்களையும் ஒரு பட்டியலாக இணைப்பது நன்று. வெளிநாட்டு விற்பனைக்கு முன் காப்புரிமை வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறுவது அவசியம். நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்க்கும் நாம், மென்பொருளிலும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வோமாக.