படகில் ஏறுமுன் கரையில் கேட்க வேண்டியவை

திருப்பதி பக்கத்து ஏர்பேட்டில் படகுத்துறை கிடையாது. சுவர்ணமுகி ஆற்றில் மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம் வரும்; மற்ற நாட்களில் மணல்தான். அதனால் படகில் போக ஆசைப்பட்டால் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் வெளியூர்தான் போக வேண்டும். காளஹஸ்தி வழியாக சூளூர்பேட்டை, நேலபட்டு, அங்கிருந்து பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள பீமுலவாரிபாளையம் என்று போகிறவர்கள் அதிகம். சிலர் தமிழ்நாட்டு எல்லை தாண்டி பழவேற்காடு ஊருக்கே போகிறார்கள். ரயிலேறினால் விஜயவாடாவில் கிருஷ்ணா நதிக்கரை, பவானி தீவு. இன்னும் மேலே ராஜமுந்திரியில் கோதாவரி, பாபிகொண்டலு. ஐ.ஐ.டி.யும் ஐசர் என்ற அறிவியல் கல்வி நிறுவனமும் ஏர்பேட்டுக்கு வந்த பிறகு, பத்துப் பேர் பணம் போட்டு ஒரு படகைத் தனியாகப் பேசி எடுக்கும் மாணவர் கூட்டமும் இதில் சேர்ந்திருக்கிறது.

இந்தத் தனிப் படகைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. சுற்றுலாத் துறையின் படகுக் குழாமில் டிக்கெட் ஜன்னல் இருக்கும், தலை எண்ண ஒருவர் நிற்பார். அங்கேயும் தவறு நடக்கிறது என்றாலும், கேட்பதற்கு ஓர் ஆள் உண்டு. தனியாகப் பேசி எடுக்கும் சவாரியில் நீங்களும் படகுக்காரரும் மட்டும்தான். "மொத்தப் படகும் உங்களுக்குத்தான் சார், எத்தனை பேர் வேணும்னாலும் ஏறுங்க" என்பார். பணம் கொடுத்தவர் நாம், அதனால் எத்தனை பேர் ஏறலாம் என்பதும் நம் விருப்பம் என்று நமக்கும் தோன்றிவிடும். வாடகை நம்முடையதாக இருக்கலாம். படகு எத்தனை பேரைத் தாங்கும் என்பதை வாடகை மாற்றாது.

நதியில் விதியை மீறினால் உயிர் போகும். 2017 நவம்பர் 12, தெலுங்குக் கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை, விஜயவாடாவுக்கு அருகே இப்ராஹிம்பட்டணத்தில் கிருஷ்ணாவும் கோதாவரிக் கால்வாய் நீரும் கூடும் பவித்ர சங்கமம் பக்கம் ஒரு தனியார் படகு கவிழ்ந்தது. ஆரத்தி பார்க்கப் போனவர்கள் அதில் இருந்தார்கள், பெரும்பாலோர் ஓங்கோல்காரர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பயணிகளை ஏற்றிச் செல்ல அந்தப் படகுக்கு அனுமதியே இல்லை என்பது பிறகுதான் வெளியே வந்தது. கரையில் நின்றபோது யாராவது ஒருவர் "அனுமதிச் சீட்டைக் காட்டுங்கள்" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

இரண்டு ஆண்டு கழித்து, 2019 செப்டம்பர் 15 அன்று, தேவிபட்டணம் அருகே கச்சுலூரில் ராயல் வசிஷ்டா படகு கோதாவரியில் மூழ்கியது. ஆறு வெள்ளத்தில் பெருகி ஓடிய நாள் அது. எழுபதுக்கும் மேற்பட்டோர் போனதில் 26 பேர்தான் பிழைத்தார்கள். ஆற்றின் ஆழத்தில் கிடந்த படகை அக்டோபர் 22 அன்றுதான் மேலே இழுக்க முடிந்தது. இதற்குப் பிறகு ஆந்திர அரசு முக்கியமான படகுத்துறைகளில் 9 கட்டுப்பாட்டு அறைகளை அமைத்தது. நல்ல காரியம். ஆனால் ஒரு மீனவக் குப்பத்துக் கரையில் கைபேசியில் பேசி முடிக்கும் சவாரியை எந்தக் கட்டுப்பாட்டு அறையும் பார்ப்பதில்லை.

பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் நாளில் நடந்தது அப்படிப்பட்ட சவாரிதான். ஒரே உறவினர் கூட்டம் மீன்பிடிப் படகு ஒன்றில் ஏறிப் போனது. முகத்துவாரத்துப் பக்கம் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அங்கே சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதித்தது. ஏரியின் பெரும்பகுதி ஆழமில்லாதது. அதைக் காட்டித்தான் "இடுப்பளவு தண்ணிதாம்மா, நடந்தே வந்துடலாம்" என்று தைரியம் சொல்வார்கள். ஏரியின் நடுவே அது உண்மையாகவும் இருக்கலாம். கடலோடு கலக்கும் வாயில் அது உண்மையல்ல. அங்கே நீரோட்டம் இழுக்கும், மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். புடவை கட்டியவருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் இடுப்பளவுத் தண்ணீரே போதும், மூழ்குவதற்கு.

மீன்பிடிப் படகில் ஆட்களை ஏற்றினால் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. மீனவர் மேல் குறையில்லை. கடலையும் காற்றையும் அவரைவிட அறிந்தவர் யார்? ஆனால் அந்தப் படகு வலையும் மீனும் ஏற்றக் கட்டியது. பாரம் அடித்தட்டில் கிடக்கும்வரை படகு நிலையாக நிற்கும். அதன்மேல் பலகை அடித்து, நாற்காலி போட்டு, கூரை வைத்து, முப்பது பேரை உட்கார வைத்தால் பாரம் மேலே ஏறிவிடுகிறது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்டது, மீன்பிடிப் படகைச் சுற்றுலாப் படகாக மாற்றியதுதான். அளவுக்கு மேல் ஆள், இருட்டிய பிறகு சவாரி. இறந்தவர்களில் பாதிக்கும் மேல் குழந்தைகள்.

மேல்தட்டில் எல்லாரும் ஒரே பக்கம் போய் நிற்பது இன்னொரு ஆபத்து. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது, கரையில் விலங்குகளைப் பார்த்த பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்ததாகச் சொன்னார்கள். நேலபட்டுக்கும் பழவேற்காட்டுக்கும் நாம் போவதே பறவைகளைப் பார்க்கத்தான். பறவை கிளம்பினால் எல்லாக் கைபேசியும் ஒரே பக்கம் திரும்பும். எழுந்திருக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே பாருங்கள். பிள்ளைகளுக்கு அதை ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டு, உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் 2021இல் வந்தது; 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மோட்டாரில் ஓடும் படகுக்குப் பதிவு வேண்டும். படகு நல்ல நிலையில் இருக்கிறதா, எத்தனை பேர் ஏறலாம் என்று சொல்லும் ஆய்வுச் சான்று வேண்டும். ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். பயணி இறந்தாலோ காயப்பட்டாலோ ஈடு கட்டும் காப்பீடும் வேண்டும். துடுப்பிலோ பாயிலோ மட்டும் ஓடும் படகுகளுக்கும் அதில் தனி அத்தியாயம் இருக்கிறது. அவற்றைப் பதிவு செய்யும் பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுக்க அது வழி செய்கிறது. மீன்வளத் துறையில் பதிவான படகு என்றால் மீன்பிடிக்கத்தான் அந்தப் பதிவு, ஆள் ஏற்ற அல்ல. "பதிவு இருக்கு சார்" என்று ஒரு அட்டையை நீட்டினால், எதற்கான பதிவு என்று படித்துப் பாருங்கள்.

ஆகவே பணத்தை எடுக்குமுன் கேட்க வேண்டியது நேரடியான ஒரு கேள்வி: "ஆய்வுச் சான்றில் எத்தனை பேர் போட்டிருக்கு?" எண் சொல்லத் தெரியாதவர், சான்றைக் காட்ட மறுப்பவர், "நம்மளைக் கேக்கவே மாட்டாங்க" என்பவர், இவர்களின் படகில் ஏறாதீர்கள். சான்றைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தையும் ஓர் ஆள்தான், எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிபே, போன்பே எதிலாவது பணம் செலுத்துங்கள். ரொக்கம் என்றால் ஒரு துண்டுக் காகிதத்திலாவது தேதி, தொகை, படகின் எண் எழுதி வாங்குங்கள். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தத் துண்டுக் காகிதம்தான் பேசும்.

அடுத்தது உயிர்காப்பு அங்கி. ஒரு மூலையில் குவித்துப் போட்டிருப்பார்கள். எடுத்துப் பாருங்கள்: கொக்கி உடைந்திருக்கும், அதற்குப் பதில் நைலான் கயிறு கட்டியிருக்கும், உள்ளே இருக்கும் நுரை வெயிலில் காய்ந்து, அழுத்தினால் நொறுங்கும். அப்படிப்பட்டதைப் போட்டும் பயனில்லை. நல்ல அங்கியை மாட்டி எல்லாக் கொக்கியையும் பூட்டிய பிறகு, இன்னொருவர் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கட்டும். அங்கி காதுவரை ஏறி முகத்தை மறைத்தால் அது உங்களுக்குப் பெரியது; தண்ணீரில் விழுந்தால் அங்கி மிதக்கும், நீங்கள் நழுவிவிடுவீர்கள். குழந்தைக்குக் குழந்தை அளவு வேண்டும், காலுக்கிடையில் போகும் பட்டையோடு. 2024 ஜனவரி 18 அன்று வடோதரா ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். ஏற்ற வேண்டியதற்கு மேல் ஏற்றியிருந்தார்கள், அங்கி எல்லாருக்கும் கொடுக்கவில்லை. பிள்ளைகளைச் சுற்றுலா அனுப்பும் பெற்றோர் பள்ளியிடம் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். புழுக்கமாக இருக்கிறது, படம் நன்றாக விழாது என்று நடு ஆற்றில் அங்கியைக் கழற்றாதீர்கள். மூடிய கீழறையில் உட்காராதீர்கள். படகு கவிழ்ந்தால் அங்கியே உங்களைக் கூரையோடு அழுத்தி, வெளியேற விடாமல் செய்யும்.

சென்னை, கோவா பக்கம் பாய்மரப் படகில் தனிச் சவாரி போகிறவர்களுக்கு இன்னும் ஒரு சொல். காற்றில் படகு ஒரு பக்கம் சாய்வது அதன் இயல்பு. பயப்பட வேண்டாம், ஆனால் ஓட்டுபவர் எங்கே உட்காரச் சொல்கிறாரோ அங்கே உட்காருங்கள். உங்கள் எடையும் சமநிலையின் ஒரு பங்கு. பாயின் அடியில் கட்டிய நீளக் கட்டை, படகு திரும்பும்போது தலை உயரத்தில் வேகமாகக் குறுக்கே வரும். திருப்பப் போவதாக ஓட்டுபவர் குரல் கொடுத்தால் குனிந்துகொள்ளுங்கள். காற்று நின்றுவிட்டாலோ மிஞ்சிவிட்டாலோ கரைக்குத் திரும்ப என்ன வழி என்று முன்பே கேளுங்கள். வானிலை மையம் எச்சரிக்கை விடுத்த நாளில், முன்பணம் போனாலும் போகட்டும், ஏறாதீர்கள். பாதுகாப்பில்லை என்று நீங்கள் ஏற மறுத்தால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமையும் உண்டு.

விபத்து நடந்துவிட்டால் 112. தண்ணீரிலிருந்து மீட்கப்பட்டவரின் வயிற்றை அழுத்தாதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். மூச்சில்லை என்றால் உடனே வாய்வழி மூச்சும் மார்பழுத்தமும் கொடுக்க வேண்டும். பிழைத்து எழுந்தவரையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நம் மக்கள் சோர்ந்துபோகிறார்கள். "வெளியூரில் நடந்தது, அங்கே யார் அலைவது" என்பார்கள். அலைய வேண்டியதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிந்து, நடந்த இடத்து நிலையத்துக்கு அவர்கள் அனுப்ப வேண்டும். பாதுகாப்பற்ற அல்லது அளவுக்கு மேல் பாரம் ஏற்றிய படகில் கூலிக்கு ஆள் கொண்டுபோவதே பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவில் குற்றம். படகு கவிழ்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. கவனக்குறைவால் மரணம் என்றால் 106ஆம் பிரிவு, 5 ஆண்டு வரை சிறை. 284க்குத் தண்டனை 6 மாதத்துக்கு மேல் போகாது. ஒரு படகு நிறைய உயிரைப் பணயம் வைப்பவருக்கு இது மிகக் குறைவு என்பது என் கருத்து.

இழப்பீட்டுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. படகு கிருஷ்ணாவில் கவிழ்ந்திருந்தாலும், ஏர்பேட்டில் குடியிருப்பவர் திருப்பதியிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். புகார்தாரர் வசிக்கும் இடம் போதும் என்று சட்டமே சொல்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். எந்த ஆணையம் என்பதை நீங்கள் செலுத்திய தொகைதான் முடிவு செய்யும், கேட்கும் இழப்பீடு அல்ல. படகு வாடகை சில ஆயிரம்தான் என்பதால் மாவட்ட ஆணையமே போதும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பணம் கொடுத்தவர் ஒருவராக இருந்தாலும், அவரோடு போன எல்லாரும் நுகர்வோரே. இறந்தவர் சார்பில் வாரிசு கேட்கலாம். "சொந்தப் பொறுப்பில் ஏறுகிறேன்" என்று கையெழுத்து வாங்கியிருந்தாலும் அஞ்ச வேண்டாம். அந்தக் காகிதத்தைக் காட்டிப் படகுக்காரர் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. அரசு அறிவிக்கும் நிவாரணத் தொகையை வாங்கிக்கொண்டதாலும் இந்த உரிமை போகாது.

வழக்குரைஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100க்குப் பேசுங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி பெறலாம். நுகர்வோர் உதவிக்கு 1915. இந்த இரண்டு எண்களையும் 112ஐயும் கைபேசியில் இன்றே பதிந்து வையுங்கள். அடுத்த விடுமுறைக்குக் கரையில் நிற்கும்போது, ஆய்வுச் சான்றைக் கேளுங்கள். காட்டவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.