உம்மாவுக்கு எப்போது விடுமுறை?

சனி, ஞாயிறு வந்தால் பிள்ளைகளுக்கு ரியூசன், வாப்பாவுக்குக் கடை, உம்மாவுக்கு அடுப்படி. ஒரே வீட்டில் வாழ்ந்தும் ஒன்றாய் இருக்க நேரமில்லை.

விடுமுறைப் பயணத்துக்கு நுவரெலியாதான் போக வேண்டுமா? மட்டக்களப்பில் கல்முனை பஸ் ஏறுங்கள். கல்லடியில் 1924இல் திறந்த பழைய பாலத்தையும், 2013இல் திறந்த புதிய பாலத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தேற்றாத்தீவில் இறங்கினால் கிழக்கே கடல், மேற்கே வாவி. ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும். பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். கரையில் அமர்ந்து கட்டுச்சோறு உண்ணுங்கள்.

அங்கும் உம்மாவே பரிமாறி, பாத்திரம் கழுவினால் அவருக்கு ஏது விடுமுறை? அன்றாவது வாப்பா பரிமாறட்டும், பிள்ளைகள் கழுவட்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியவர்கள் அல்லவா? இதை உங்கள் கணவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.