மூன்று நிமிடத்தில் பாட்டி

வானொலியில் மூன்று நிமிடம் என்றால் ஒரு பாட்டு. ஓடிப்போய் ஒரு கோப்பி கலக்கிக்கொண்டு வர அது போதும். அதே மூன்று நிமிடத்துக்குள் முழுப் படத்தையும் எடுக்கச் சொன்னது ‘சினி65’ குறும்படப் போட்டி. தற்காப்பு அமைச்சின் நெக்சஸ் நடத்தியது. மாணவர்களுக்குத் தனிப் பிரிவும் இருந்தது. (நம் தொலைபேசிக் குறியீடும் 65, சுதந்திர ஆண்டும் 65!)

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது, இப்படியொரு போட்டிக்காக என் பாட்டி தோசை சுடுவதைப் படமெடுத்தேன். தொகுத்துப் பார்த்தால் 11 நிமிடம்! எதை வெட்டுவது? சமையலறை ஜன்னலில் விழுந்த காலை வெயில் போனது. நான் உருகி உருகிப் பேசிய பின்னணிக் குரலும் போனது. அதுதான் வலித்தது, அப்போதே வாயாடி நான். மிஞ்சியது பாட்டியின் கையும், “சாப்பிட்டியாம்மா?” என்ற ஒரே வசனமும்தான். படம் அதற்குப் பிறகுதான் படமானது. பரிசு கிடைக்கவில்லை, அது வேறு கதை.

“தமிழில் எடுத்தால் நடுவர்களுக்குப் புரியுமா அக்கா?” என்று ஒரு மாணவி கேட்டார். ஆங்கிலத்தில் வசன வரி போடுங்கள், போதும். பாட்டியை மட்டும் ஆங்கிலம் பேச வைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. வெட்டியதை அழிக்காதீர்கள். கணினியில் இடமில்லை என்று நான் அழித்துவிட்டேன். பாட்டி இப்போது இல்லை. அவர் குரலில் எங்களிடம் இருப்பது அந்த ஒரு வசனம்தான்.