பதினைந்து விநாடிப் பணி

வன்னி மக்களுக்குக் கட்டுவிரியனைப் பற்றி நாம் எடுத்துரைக்கத் தேவையில்லை. வயற்காவலுக்குச் சென்று, குடிலிலே நிலத்திற் பாய்விரித்து உறங்குவோரை நள்ளிரவிலே தீண்டிச் செல்லும் பாம்பு அது. கடித்த இடத்திற் பெரும்பாலும் நோவும் இராது, வீக்கமும் இராது. பின்னர் வயிறு வலிக்கும். இமைகள் தாமே தாழும். உமிழ்நீரை விழுங்க முடியாது போகும். ஈற்றில் மூச்சுத் தசைகளும் சோர்ந்துவிடும்.

விஷமுறிவு மருந்து ஏற்றினாலும் இத்தளர்ச்சி உடனே தீர்வதில்லை. சில நாட்களுக்கு யந்திரமே நோயாளிக்காக மூச்சு விடவேண்டும். அந்நாட்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலோர் பழையபடி எழுந்து நடப்பர். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிநாசினிகளுட் சில உடலிற் சேர்ந்தவர்க்கும் இதே யந்திரந்தான் துணை; அவர்களுக்கோ நெஞ்சிலே நீரும் சளியும் பெருக்கெடுக்கும்.

யந்திரம் மூச்சைத் தருமேயன்றிச் சளியை அகற்றாது. இருமி வெளியேற்ற நோயாளிக்கு வலுவில்லை. எனவே, அவர் தொண்டையில் இட்டிருக்கும் சுவாசக் குழாயினூடாக மெல்லிய உறிஞ்சுகுழாயொன்றைச் செலுத்திச் சளியை எடுப்பது தாதியின் பணியாகின்றது.

இதிலென்ன கடினம் என வாசகர்கள் எண்ணக்கூடும். உறிஞ்சுகுழாய் சளியை மட்டுமா இழுக்கின்றது? நெஞ்சிலுள்ள பிராணவாயுவையும் சேர்த்தன்றோ இழுக்கின்றது! நேரம் நீண்டால் இரத்தத்திற் பிராணவாயு குறையும். ஆழக் குத்தினால் மூச்சுக்குழாயின் மென்தோல் புண்படும். இதயத் துடிப்புத் தாழ்வதும் உண்டு. கை சுத்தமில்லையேல் கிருமிகளை நெஞ்சுக்குள்ளே குடியேற்றியதாகும்.

ஆகையாற் பயிற்சி பொம்மையிலே தொடங்குகின்றது. முதலில் அரை நிமிடமேனும் முழுப் பிராணவாயு கொடுத்தல் வேண்டும். சுவாசக் குழாயின் உள்விட்டம் 8 மில்லிமீற்றராயின், உறிஞ்சுகுழாய் 4 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. உள்ளே செலுத்தும்போது உறிஞ்சாமல், வெளியே இழுக்கும்போது மாத்திரம் உறிஞ்சவேண்டும். யாவும் 15 விநாடிக்குள் முடிதல் அவசியம். குழாயை உட்செலுத்தும்போது தாதியும் தம் மூச்சை அடக்கிக்கொள்ளும்படி ஆசிரியர் சிலர் கூறுவதுண்டு. தமக்கு முட்டும்போது நோயாளிக்கும் முட்டுமென்பது தெரியுமல்லவா? எந்தக் கடிகாரத்தினும் இது நல்ல கடிகாரம் என்போம்.

பழைய வழக்கங்கள் சிலவற்றை மறக்கச் செய்வதுதான் பெரும்பாடு. இரண்டு மணிக்கொருமுறை தவறாமல் உறிஞ்சுவதும், சளியை இளக்கவென உப்புநீர் விடுவதும் முன்னர் முறையாயிருந்தன. இன்று, சளி திரண்ட அறிகுறி கண்டபோதே உறிஞ்சவேண்டும், உப்புநீரை வழக்கமாக விடலாகாது என்பதே விதி.

அதிதீவிர சிகிச்சை பிறந்த கதையிலும் இந்தச் சளிக்கு இடமுண்டு. 1952 இல் கொப்பன்ஹேகன் நகரிலே இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசை தளர்ந்தோர் தம் சளியிலேயே மூழ்குவார் போல மாண்டனர். ஆகஸ்ட் 27 ஆம் நாள் வைத்தியர் பியோர்ன் இப்சன், பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியின் கழுத்திலே துளையிடுவித்துக் குழாய் செருகச் செய்து, சளியை உறிஞ்சி, கையாற் பையை அழுத்தி மூச்சூட்டினார். அவள் பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகப் பை அழுத்தினர்.

நம் நாட்டிலே 'நிக்ஸ்ட்' என்னும் திட்டம், இலங்கைத் தாதியரையே பயிற்றுநராக்கி, ஏனைய தாதியருக்கு அதிதீவிர சிகிச்சைப் பயிற்சி அளித்தது. அவ்வனுபவம் 2017 இல் தாதியியற் சஞ்சிகையொன்றில் வெளிவந்தது. கற்பிப்பவர் அதே வார்ட்டின் நெருக்கடியை அறிந்தவராயிருப்பது பெரிய வசதி. வவுனியாவிலே தாதியர் பயிற்சிப் பாடசாலை உண்டு. ஆங்கிலக் கைந்நூலிலுள்ள இவ்விதிகள் அங்கே கற்போருக்குத் தமிழிலும் கிடைத்தல் நன்று.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கட்டுவிரியன் தீண்டியவர் கண் திறவார், விரலசைக்கார்; இறந்தவரோ என ஐயுறத் தோன்றும். ஆயினும் அறிவு தெளிவாயிருந்து, சுற்றி நிற்போர் பேசுவதெல்லாம் அவர் காதில் விழக்கூடும். “ஐயா, இப்ப சளி எடுக்கப் போறன், கொஞ்சம் மூச்சு முட்டும், பயப்பிடாதேங்கோ” என்று, பொம்மையின் முன்னே நிற்கும் நாளிலேயே சொல்லிப் பழகிக்கொள்ளல் வேண்டும்.