ஒரு லோடு என்றால் எவ்வளவு?

வீடு கட்டும் கிரகஸ்தருக்கும் அவருக்குச் சாமான் அனுப்பும் வியாபாரிக்கும் நேரும் மனஸ்தாபங்களை விசாரித்துப் பார்த்தால், மேஸ்திரி வாய்மொழியாகச் சொன்னதை வீட்டுக்காரர் தொலைபேசியில் அரைகுறையாக ஒப்பித்ததும், அதைக் கடைக்காரர் தமக்குப் பழக்கமான அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு லாரியை அனுப்பிவிட்டதுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

மணலையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் அது யூனிட் கணக்கில் விற்கிறது. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ‘ஒரு லோடு அனுப்புங்கள்’ என்று சொல்லிவிட்டாலோ, வருகிற லாரியின் தொட்டி எவ்வளவு பெரிதோ அதுவே பிரமாணமாகிவிடுகிறது. லாரி வந்து நின்றவுடன், தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் மணல் நிற்கும் உயரத்தையும் அடிக்கணக்கில் அளந்து பெருக்கி, 100-ஆல் வகுத்தால் யூனிட் தெரிந்துவிடும். தரையில் கொட்டிய பிறகு தர்க்கம் செய்வதில் பிரயோஜனமில்லை. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. லேசாக ஈரம் பட்ட மணல் உப்பிக்கொள்ளும் சுபாவமுடையது. நூற்றுக்கு ஐந்து பங்கு ஈரமிருந்தாலே கன அளவு கால் பங்கு வரை கூடிவிடுவதுண்டாகையால், ஈர மணலுக்கு என்ன கழிவு என்பதை விலை பேசும்போதே பேசிவிடுவதுதான் இரு தரப்புக்கும் நியாயம். எம்-சாண்டாக இருந்தால் அது கான்கிரீட்டுக்கா, பூச்சு வேலைக்கா என்பதையும் சொல்லவேண்டும். பூச்சுக்குரிய பி-சாண்டு இன்னும் நைசானது.

கம்பி விஷயம் வேறு மாதிரி. மேஸ்திரி எண்ணிக்கையில் கேட்பார், கடைக்காரர் கிலோவில் பில் போடுவார். மில்லிமீட்டரில் உள்ள விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். அந்தக் கணக்குப்படி 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளத்தில், ஒன்று ஏறக்குறைய பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் பாதிச் சந்தேகம் தீரும்.

சிமெண்டு நாள்பட நாள்பட வீரியம் குறைவது. மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த மூட்டையைச் சோதிக்காமல் உபயோகிக்கலாகாது. ஆகவே மொத்தமாக வாங்கி அடுக்குவதைவிட, தளம் போடும் நாள் இன்னது என்று கடைக்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதே உசிதம். ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்கோ, ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டியாகவேண்டும் என்பது விதி. சந்தின் அகலத்தைச் சொல்லாமல் அந்த வண்டியை வரவழைப்பது விபரீதம்.

பொருள், ரகம், அளவு, நாள், இறக்கும் இடம், ரசீதில் கையெழுத்திடுபவர் ஆகிய இவ்வளவையும் ஒரு சீட்டிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதியே ஆர்டர் கொடுங்கள். ஆனால் கடைக்கு அனுப்புமுன் அதை மேஸ்திரியிடம் ஒரு முறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.